செல்லாத நோட்டில் ஒரு படகு

என்னிடம் ஒரு செல்லாத நோட்டு இருக்கிறது. கள்ள நோட்டு அல்ல, யோக்கியமான நோட்டுத்தான். கனடா தேசத்து ஒரு டாலர். 1974-ல் வெளியான பச்சை நோட்டு. 1987-ல் அந்தத் தேசத்தார் ஒரு டாலருக்கு நாணயம் அடித்தார்கள். 1989-ல் நோட்டு வெளியிடுவதை நிறுத்தினார்கள். 2021 முதல் அது சட்டப்படி செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். என்னிடம் அது வந்தது 1980-ல். ஒட்டாவாவுக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர், "செலவு பண்ண மறந்துபோச்சு, ஞாபகார்த்தமா நீர் வைத்துக்கொள்ளும்" என்று கொடுத்தார். அன்று முதல் என் கம்பராமாயணப் பிரதியில் அடையாளச் சீட்டாக உத்தியோகம் பார்த்து வருகிறது. யுத்த காண்டத்தின் நடுவிலிருந்து அது பல ஆண்டுகளாக நகரவில்லை என்பது எனக்கும் கம்பருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

நோட்டின் ஒரு பக்கம் எலிஸபெத் ராணி. மறுபக்கம் ஒட்டாவா நகரின் பார்லிமெண்டுக் குன்று, கூர்கூரான கோபுரங்கள், கீழே ஆறு. நான் பார்த்ததெல்லாம் அந்தக் கோபுரங்களைத்தான். நோட்டு என்றால் அதில் ராஜாங்கம் இருக்கும், கட்டிடம் இருக்கும், நமக்கென்ன என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

மகள் வீட்டுக்கு வான்கூவர் பக்கம் போயிருந்தபோது கம்பரும் கூட வந்தார். ஒன்பது வயதுப் பேரன் புத்தகத்திலிருந்து நோட்டை உருவினான். அவனிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. வீட்டில் அகப்படும் எறும்பு, தாத்தாவின் கைரேகை, தோசையின் துளைகள் எல்லாம் அதற்குத் தப்ப முடியாது. நோட்டையும் விடவில்லை.

"தாத்தா, ஆத்துல இவ்வளவு கட்டை மிதக்கறதே. நடுவுல தம்மாத்தூண்டு படகு ஒண்ணு இருக்கே, அது என்ன பண்றது?"

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பார்லிமெண்டுக்கு நேர் கீழே, ஆறு முழுவதும் வெட்டிய மரங்கள். அவற்றின் ஊடே சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத படகு. நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்த நோட்டில் அது இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நாவலாசிரியனுக்குப் புளுகத் தெரியும். ஆனால் பூதக்கண்ணாடி வைத்திருக்கிற பையனிடம் புளுகக் கூடாது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். அந்த விசாரணையின் பலன்தான் இந்தக் கட்டுரை.

ராஜ்யத்தின் மாளிகைக்கு எதிரே மரவாடி வைத்தது யார் என்றுதான் முதலில் தோன்றியது. விஷயம் தலைகீழ். மரவாடிதான் முதலில் வந்தது. ராஜ்யம் பிறகு வந்து அதன் எதிரே குடியேறிற்று. மாசசூசெட்ஸிலிருந்து வந்த பிலிமன் ரைட் என்ற குடியானவர் 1800-ல் அந்த ஆற்றங்கரையில் குடியேறினார். விவசாயம் கைகொடுக்கவில்லை, கையிருப்புக் கரைந்தது. சுற்றிலும் இருந்தது பைன் மரக் காடு. வெட்டலாம், கொண்டுபோவது எப்படி? சாலை கிடையாது. 1806-ல் மரங்களை ஒன்றோடொன்று கட்டித் தெப்பமாக்கி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜூன் மாதம் புறப்பட்டார். வழியெல்லாம் பாறையும் சுழலும். தெப்பத்தைப் பிரிப்பதும் மறுபடி கட்டுவதுமாக ஆகஸ்டில்தான் கியூபெக் துறைமுகம் போய்ச் சேர முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நெப்போலியன் இங்கிலாந்தோடு ஐரோப்பா வியாபாரம் செய்யக் கூடாதென்று பெர்லின் நகரிலிருந்து உத்தரவு போட்டான். இங்கிலாந்தின் கப்பல்களுக்கு மரம் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வழி இடுங்கிப்போகவே, கனடாவின் காட்டுக்கு யோகம் அடித்தது. காட்டுக்கு அடித்தது யோகமா என்று காட்டையும், அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆதிக்குடிகளையும் கேட்க வேண்டும். கேட்டவர்கள் யாரும் அப்போது இல்லை.

மரத்தைக் கட்டி நீரில் விடுவது நமக்குப் புதிதல்ல. கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்டு, இப்போது இரட்டை உடம்புள்ள சொகுசுப் படகுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் செம்படவர் மரத்தைக் கட்டி மீனுக்குப் போனார். ரைட் மரத்தைக் கட்டி மரத்தையே விற்கப் போனார்.

1829-ல் ஒட்டாவா நகரருகே நீர்வீழ்ச்சியைத் தவிர்க்க, மரத்தால் ஒரு சறுக்கு வாய்க்கால் அமைத்தார்கள். தெப்பத்தின் துண்டுகள் அதில் சறுக்கிக்கொண்டு கீழே இறங்கும். 1860-ல் வேல்ஸ் இளவரசர், பிற்பாடு ஏழாம் எட்வர்டு ஆனவர், அந்த ஊருக்கு வந்தார். செப்டம்பர் 1-ந் தேதி பார்லிமெண்டுக் கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்த விஜயத்திலேயே மரத் தெப்பத்தில் ஏறிச் சறுக்கு வாய்க்காலில் கீழே பாய்ந்தும் பார்த்தார். பதினெட்டு வயதுப் பிள்ளை. எது அவருக்கு அதிகமாகப் பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1916-ல் அந்தக் கட்டிடம் தீப்பிடித்தது. அதே கல்லை எடுத்து, அதே செப்டம்பர் 1-ந் தேதி, அவருடைய தம்பி கன்னாட் கோமகன் மறுபடி நாட்டினார். ஆகவே நோட்டில் மேலே தெரியும் குன்றும் கீழே தெரியும் கட்டையும் ஒரே குடும்பக் கதையைச் சேர்ந்தவை.

ஆனால் பேரன் கேட்டது படகை. அதற்கு ஆற்றை விட்டு ஏரிக்குப் போக வேண்டும்.

ஆறு ஓடும், ஏரி ஓடாது. இந்தச் சின்ன விஷயத்தில்தான் அத்தனை தொல்லையும் அடங்கியிருக்கிறது. வசந்த காலத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது, குளிர்காலமெல்லாம் வெட்டிக் குவித்த கட்டைகளை ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஆறு சம்பளம் கேட்காமல் சுமக்கும். ஆனால் கனடாவில் ஆறு நெடுகப் போகாது. வழியில் ஏரியில் விழுந்து படுத்துக்கொள்ளும். அங்கே ஆயிரக்கணக்கான கட்டைகள் அசையாமல் நிற்கும். காற்றடித்தால் எதிர்க்கரைக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே நீண்ட மரங்களை நுனிக்கு நுனி சங்கிலியால் பிணைத்து, ஒரு மிதக்கும் வேலி செய்வார்கள். அதற்குப் பூம் என்று பெயர். அந்த வேலிக்குள் கட்டைகளை மடக்கி, பை போலக் கட்டி, ஏரியின் மறுகரைக்கு இழுக்க வேண்டும்.

இழுப்பது யார்? ஒரு தெப்பத்தின் நடுவே செங்குத்தாக ஓர் உருளை. அதில் நாலு பக்கமும் கைமரங்கள். நங்கூரத்தை ஒரு சிறு படகில் முன்னே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதன் கயிற்றை உருளையில் சுற்றுவார்கள். மனிதர்கள் கைமரத்தைத் தள்ளிக்கொண்டு செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வருவார்கள். சில இடங்களில் குதிரையைத் தெப்பத்தில் ஏற்றிச் சுற்றவிடுவார்கள். கயிறு முழுவதும் சுற்றி முடிந்தால் மறுபடி நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே போக வேண்டும். காற்று ராத்திரியில் அடங்கும் என்பதால் இந்தச் செக்கை ராத்திரியில் ஓட்டுவது வழக்கம். பகலெல்லாம் எதிர்க்காற்று அடித்து, ராத்திரி பாடுபட்டதை அழித்துவிட்டால், மறுநாள் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதலை வருகிறது.

ஒண்டாரியோ மாகாணத்தில் சிம்கோ என்ற ஊர். அங்கே வெஸ்ட், பீச்சி என்ற கூட்டாளிகள் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். 1889-ல் அவர்கள் ஒரு நீராவிப் படகு கட்டினார்கள். அதைப் படகு என்பதைவிட, மிதக்கத் தெரிந்த பெட்டி என்பது பொருந்தும். தட்டையான அடி, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், நடுவே கொதிகலன், முன்னால் கம்பிவடம் சுற்றும் உருளை. அந்த வடம் ஏறத்தாழ ஒரு மைல் நீளம். படகு முன்னே போய் வடத்தின் நுனியைக் கரையிலுள்ள பெருமரத்திலோ நங்கூரத்திலோ கட்டும். பிறகு வடத்தை விட்டுக்கொண்டே பின்னால் வந்து, கட்டைப் பையைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அப்புறம் வடத்தைச் சுற்றும். சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளி இழுப்பதில்லை. வடத்தைப் பற்றிக்கொண்டு தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வழுக்கும், மரம் வழுக்காது. சுமார் இருபது குதிரைச் சக்தி யந்திரம் ஓர் ஏரிக் கட்டைகளையும் கிளப்பிக்கொண்டு போன சூட்சுமம் இதுதான்.

ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டுமே. இடையே காடும் மேடும் ஆயிற்றே! அதற்கும் அதே வடம்தான். காட்டுக்குள் ஒரு மரத்தில் வடத்தைக் கட்டுவார்கள். படகின் அடியில் உருளைக் கட்டைகளைப் போடுவார்கள். அது தன்னைத்தானே சுற்றி இழுத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து கரையேறும். புகையைக் கக்கிக்கொண்டு மலைச்சரிவில் தவழும். நாளுக்கு ஒரு மைலோ, சற்று அதிகமோ போகும். மேடு ஏறும்போது கொதிகலன் சாய்ந்தால் உள்ளே நீர் ஒரு பக்கம் ஒதுங்கி, காய்ந்த பக்கம் வெடித்துவிடும் அல்லவா? அதற்காகக் கொதிகலனை மட்டும் திருகாணி வைத்துத் திருப்பி, எப்போதும் மட்டமாக நிறுத்த ஒரு யுக்தி செய்திருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்தத் திருகாணிதான். படகையே மலை ஏற்றும் துணிச்சல் யாருக்காவது வந்துவிடலாம். மலை ஏறும்போது உள்ளே தண்ணீர் என்ன செய்யும் என்று யோசிக்க வேறுவிதமான மூளை வேண்டும்.

நிலத்திலும் நீரிலும் போனதால் அதற்கு அலிகேட்டர், அதாவது முதலை, என்றே பெயர் வந்தது. நம் புராணத்து முதலை ஒரு யானையை இழுக்க முயன்று ஸ்ரீமந் நாராயணனிடம் மாட்டிக்கொண்டது. இந்த முதலை காடுகாடாக இழுத்தது. ஒரு சக்கரமும் வந்து தடுக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட முதலைகள் அந்தப் பட்டறையிலிருந்து 1930-கள் வரை புறப்பட்டன. ஒன்றைச் செப்பனிட்டு அல்கோன்குவின் பூங்காவில் மரத்தொழில் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவை இரும்புப் படகுகள், டீசல் யந்திரங்கள். என் நோட்டில் இருக்கும் சுண்டு விரல் நகம் அந்தப் பிற்கால வம்சத்தைச் சேர்ந்தது. கட்டைகளை ஆற்றில் விடும் வழக்கமே லாரிகளின் வரவாலும், ஆற்றின் அடியில் பட்டை படிந்து நீர் கெட்டுப்போவதாலும், கனடாவின் கிழக்கில் 1990-கள் முடிவதற்குள் நின்றுபோயிற்று. பார்லிமெண்டின் கீழே இப்போது கட்டைகள் இல்லை.

இவ்வளவையும் பேரனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஆத்துல மிதக்கறதே, அது?" என்றான்.

அதுவும் சரியான கேள்விதான். ஒட்டாவாவுக்கும் வான்கூவருக்கும் இடையே சுமார் 3,500 கிலோமீட்டர். கிழக்கில் முடிந்துபோனது மேற்கில் முடியவில்லை. மகள் இருப்பது நியூ வெஸ்ட்மின்ஸ்டர். பிரேசர் ஆறு கடலைச் சேரும் தறுவாயில் இருக்கும் ஊர். மாலையில் ஆற்றங்கரையில் உலாவப் போனால், சங்கிலி போட்ட மர வேலிக்குள் கட்டைகள் அடைந்து கிடக்கும். பெரிய இழுவைப் படகு ஒன்று பின்னால் அரை மைல் நீளத்துக்கு அவற்றை இழுத்துக்கொண்டு, நடக்கிற கிழவனைவிட மெதுவாகப் போகும். அந்தக் கிழவன் நான்தான், சோதித்துப் பார்த்தேன்.

மேற்குக் கரையில் ஏரிக்குப் பதில் கடல். வேலிக்குப் பயன்படும் மரம் ஒவ்வொன்றும் 66 அடி. இந்த அளவு நமக்கும் பரிச்சயம். நில அளவைச் சங்கிலியின் நீளமும் அதுதான், கிரிக்கெட் ஆடுகளத்தில் இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே இருக்கும் 22 கஜமும் அதுதான். இந்த வேலி தீவுகளுக்கு நடுவே அமைதியான நீரில்தான் தாக்குப்பிடிக்கும். திறந்த கடலில் அலை புரட்டிவிடும். முதல் உலகப் போரில் விமானம் செய்ய ஸ்புரூஸ் மரம் வேண்டியிருந்தது. அது விளைந்ததோ, இப்போது ஹைடா குவாய் என்று சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றுவிட்ட வடக்குத் தீவுகளில். டேவிஸ் தெப்பம் என்று ஒன்று கைகொடுத்தது. கட்டைகளை அடுக்கடுக்காகப் போட்டுக் கம்பிவடத்தால் வரிந்து, திமிங்கிலம் போல் ஒரே பிண்டமாக்கிக் கடலில் இழுத்தார்கள். பிற்பாடு வந்த தோணிகள் இன்னும் வேடிக்கை. ஊர் சேர்ந்ததும் ஒரு பக்கத்து அறைகளில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சாயும். முதுகிலிருந்த கட்டைகள் அத்தனையும் ஒரேயடியாகக் கடலில் சரியும். தோணி உதறிக்கொண்டு நிமிரும்.

அப்படிச் சரிந்த கட்டைக் குவியலில் டக்ளஸ் பர், சிடார், ஹெம்லாக் எல்லாம் கலந்து கிடக்கும். ஜாதி வாரியாக, தரம் வாரியாகப் பிரிக்க வேண்டும். அதிக நாள் விட்டு வைக்கவும் முடியாது. கப்பல் புழு உப்பு நீரில் மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பல காலம் இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். அடியில் ஆணி பதித்த பூட்ஸ், கையில் நீண்ட துறட்டுக்கோல். மிதக்கும் கட்டை மேல் ஓடி, அடுத்ததற்குத் தாவி, கோலால் குத்தித் தள்ளிக்கொண்டு போவார்கள். காலுக்குக் கீழே கட்டை உருளும். உருளும் திசைக்கு எதிராகக் கால் ஓட வேண்டும். தவறினால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுவார்கள். தலைக்கு மேல் கட்டைகள் மூடிக்கொள்ளும். கிழக்கே ஆற்றில் இறந்தவனைக் கரையிலேயே புதைத்து, அவனுடைய பூட்ஸை அருகிலுள்ள மரத்தில் தொங்கவிடுவார்கள் என்று படித்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த மனிதர்களுக்குத் துணையாக வந்தது ஒரு குட்டிப் படகு. சிலவற்றின் நீளம் 14 அடிதான். நம் ஊர் மாட்டு வண்டியை மாடு பூட்டி நிறுத்தினால் அவ்வளவு இருக்கும். கனத்த இரும்புத் தகடு. மூக்கில் கட்டையைக் கடித்துப் பிடிக்க வரிசைப் பற்கள். சாதாரணப் படகுக்குப் பின்னால் காற்றாடி இருக்கும். இதற்கு நடு வயிற்றுக்குக் கீழே. அது முழுவட்டமும் திரும்பும். ஆகவே இந்தப் படகுக்கு முன், பின், பக்கம் என்ற பேதமே இல்லை. நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றும். நண்டு போல் பக்கவாட்டில் ஓடும். கட்டையை முட்டி, அதன்மேல் பாதி ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கவிழ்ந்துவிட்டது என்று நாம் கண்ணை மூடும்போது நிமிர்ந்து அடுத்த கட்டைக்குப் போய்விடும். பக்கவாட்டில் நெளிந்தோடும் பாலைவனப் பாம்பின் பெயரைச் சிலர் வைத்தார்கள். முரட்டுக் குதிரையின் பெயரைச் சிலர் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையில்கூட இந்த ஜாதிப் படகு இருக்கிறது. 19 அடி நீளம். துறைமுகத்தில் போர்க்கப்பல்களைச் சுற்றியுள்ள மிதக்கும் வேலியைத் திறந்து மூடுவது அதன் உத்தியோகம். மலை போன்ற கப்பல்களுக்கு ஒரு வாயிற்காவலன்.

மகள் வீட்டுக்கு நாலாவது வீட்டில் ஒரு முதியவர். எண்பதைத் தாண்டியவர். "அப்பா, அவர் அந்தக் கட்டை வேலையிலேதான் நாற்பது வருஷம் இருந்தாராம். படகு பொம்மை எல்லாம் செய்வார், போய்ப் பாருங்கள்" என்றாள் மகள். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

பொம்மை என்று நான் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிற்று. மேஜைமேல் இருந்தது பதினாறு அங்குலப் படகு. நிஜம் பதினாறு அடி. அடிக்கு அங்குலம் என்பது அவர் கணக்கு. தகரத்தை வெட்டி ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். மூக்கில் பற்கள், பக்கங்களில் நசுங்கல், எங்கெங்கே நிஜப் படகில் வண்ணம் தேய்ந்திருக்குமோ அங்கெல்லாம் துரு. துருவைச் செய்வதற்குத்தான் அதிக நாள் பிடித்தது என்றார். உள்ளே மின்கலம், மின்விசை மோட்டார். கரையிலிருந்து ரேடியோவால் ஓட்டலாம். காற்றாடியை முழுவட்டமும் திருப்புவதுதான் சிரமம். மாதிரிப் படகுகளுக்கு விற்கும் சாதாரணத் திருப்பு யந்திரம் கொஞ்ச தூரம் திரும்பி நின்றுவிடும். பாய்மரப் படகு மாதிரிகளில் கயிறு சுற்றுவதற்கென்று விற்கும் பல சுற்றுத் திரும்பும் யந்திரத்தை வாங்கிப் பொருத்தியிருந்தார்.

"எடை?" என்று கேட்டேன்.

"நீளத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் எடை பன்னிரண்டில் ஒன்று ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைகிறதே! 1,728-ல் ஒன்றாகும். ஐந்து டன் படகு மூன்று கிலோவுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் நீர்மட்டம் தப்பு" என்றார்.

வேகத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. வில்லியம் பிரௌடு என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1872-ல் டார்க்கே நகரில் நீண்ட தொட்டி ஒன்று கட்டி, மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துச் சோதித்தார். கப்பலின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள சம்பந்தம் வர்க்கமூலத்தில் போகிறது என்று காட்டினார். அதன்படி இந்தப் படகு நிஜத்தின் வேகத்தில் மூன்றரையில் ஒரு பங்குதான் போக வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பார்வைக்கு எலியாகிவிடும். அத்தனை பெரிய போர்க்கப்பல்களை நிர்ணயம் செய்ததே மெழுகு மாதிரிகள் என்று தெரிந்த பிறகு, பொம்மை என்று சொன்னதற்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரனோடு பக்கத்துப் பூங்காக் குளத்துக்குப் போனோம். அவர் ஒரு வாளி கொண்டுவந்தார். வாளி நிறையத் தண்ணீர். தண்ணீரில் ஊறும் சுள்ளிகள். பத்து நாளாக ஊறுகின்றனவாம். காய்ந்த சுள்ளி தண்ணீரில் கார்க்கு மாதிரி உயர மிதக்கும். நிஜக் கட்டை முக்கால் உடம்பை மறைத்துக்கொண்டுதான் மிதக்கும். அந்தச் சரியான அமிழ்வு வருவதற்காகப் பத்து நாள்! நான் ஒரு அத்தியாயத்துக்குக்கூட அவ்வளவு நாள் ஊற வைத்ததில்லை.

படகை விட்டார். சுள்ளிகளைச் சுற்றி வந்தது; முட்டியது; ஏறியது; சாய்ந்தது. பேரன் கைதட்டினான். ஒவ்வொரு சுள்ளியாகப் பிரித்து, கயிற்று வேலிக்குள் ஓட்டினார். அரை மணியில் பட்டையுள்ளவை ஒரு பக்கம், பட்டை உரித்தவை ஒரு பக்கம்.

"மாமா, படகிலே ஆளே இல்லையே!" என்றான் பேரன். இங்கிலீஷில்தான் சொன்னான், மாமா என்பது நான் வைத்தது.

படகுக்குள் கைப்பிடி இருந்தது, கம்பிக் கூண்டு இருந்தது, துறட்டுக்கோல் இருந்தது, காப்பி பிளாஸ்க்குகூட இருந்தது. ஆள் இல்லை. பொம்மை ஆள் விறைத்து நிற்பான், அந்தப் படகில் யாரும் விறைத்து நிற்க முடியாது, அதனால்தான் வைக்கவில்லை என்றார் முதலில். நியாயமான காரணம். பேரன் போய்க் குளத்தில் கையை அளையத் தொடங்கிய பிறகு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"இது நான் ஓட்டிய படகு அல்ல. என்னோடு வேலை பார்த்தவனுடையது. நான் கட்டை மேல் நின்று கோலால் தள்ளுவேன், அவன் படகில். ஒரு நவம்பர் சாயங்காலம் சங்கிலி சிக்கிக்கொண்டது. விடுவிப்பதற்காக அவனே இறங்கிக் கட்டைமேல் நின்றான். விழுந்துவிட்டான். கட்டைகள் சேர்ந்துகொண்டன. அவற்றை விலக்கக்கூடிய பலம் அங்கே ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. அந்தப் படகுக்கு. நான் அதில் ஏறிவிட்டேன். ஆனால் காற்றாடி நீருக்கு அடியில் சுழல்கிறது. அவன் எங்கே என்று தெரியாது. கூண்டு போட்டிருக்கிறது, இருந்தாலும்... யந்திரத்தைப் போடுவதா, போடாமல் கோலால் தள்ளுவதா?"

அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. நாவல் எழுதுகிறவன் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவராகவே சற்று நேரம் கழித்து, "கோலால்தான் தள்ளினேன்" என்றார்.

அப்போது பேரன் கூவினான். ஒரு சுள்ளி அதிகமாக ஊறிப்போய், ஒரு நுனி கீழே போக, மறு நுனி மட்டும் நீர்மட்டத்தை ஒட்டித் தலையை நீட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. நிஜத்திலும் கட்டைகள் இப்படி ஆவதுண்டு. வேகமாக வரும் படகுகளின் வயிற்றைக் கிழிக்கும். முதியவர் எழுந்து போய் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, கைத்தடியால் அதை அணைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். எண்பது வயதில் அவர் கால்கள் வழுக்குப் பாறைமேல் நின்ற விதத்தைப் பார்த்தேன்.

நான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பேரன் பூதக்கண்ணாடியைக் கொடுத்தான். வெகு நேரம் பார்த்தார். பார்லிமெண்டைப் பார்க்கவில்லை. படகையும் கட்டைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ கணக்குப் பார்த்தார்.

"கிழக்கத்திக்காரர்கள்" என்றார் கடைசியில். "கட்டை சின்னது. ஆனால் கட்டு சரியாகத்தான் இருக்கிறது."

நோட்டைத் திருப்பித் தந்தபோது அவர் கை ஈரம் பட்டு நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்தில் வெயிலில் காய வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்கப் பேரன் தன் பூதக்கண்ணாடியையே அதன்மேல் வைத்தான்.